ஊசி பொய் சொல்லக் கூடாது

அன்புள்ள மருமகனுக்கு,

விழுப்புரத்திலிருந்து மாமா எழுதுவது. அக்காவின் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்.

நீ அனுப்பிய பட்டியலை மூன்று தடவை படித்தேன். உன் எஸ்டீம் காருக்கு ஒன்பது மீட்டர் எழுதியிருக்கிறாய்: ஆர்பிஎம், ஸ்பீடு, ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், தண்ணீர் டெம்பரேச்சர், பெட்ரோல் பிரஷர், வோல்ட், ஆம்ப், கடைசியாகப் பூஸ்ட். எதை முதலில் வாங்குவது என்று நீ போனில் கேட்டபோது பட்டறையில் மூன்று வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். அது மனசுக்குச் சரிப்படவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் ஓட்டத்தை நினைத்துப் பார். டிராக் ரேஸ் என்றால் கால் மைல், 402 மீட்டர். உன் வண்டி அதைப் பதினைந்து பதினாறு நொடியில் முடிக்கும். அதற்குள் கிளம்பச் சொல்லும் விளக்கைப் பார்க்க வேண்டும், கிளட்ச் விட வேண்டும், மூன்று கியர் மாற்ற வேண்டும், வண்டி நேராகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 39 மீட்டர் போவாய். ஒரு மீட்டரை அரை நொடி பார்த்தால் பத்தொன்பது இருபது மீட்டர் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருப்பாய். ஒன்பது ஊசியை யார் பார்ப்பது?

மீட்டர்களை வேளை பார்த்துப் பிரித்துக்கொள். கிளம்பும் கோட்டுக்கு வருமுன் பார்ப்பவை சில: தண்ணீர் சூடு, வோல்ட், பெட்ரோல் பிரஷர். ஓடும்போது பார்க்க ஆர்பிஎம் ஒன்று போதும், அதையும் விளக்காக்கிவிடலாம். ஆயில் பிரஷர் ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் வேண்டும், ஓடும்போதும் வேண்டும். அதனால் அதற்கு ஊசி ஒன்று, பெரிய சிவப்பு விளக்கு ஒன்று. உன் பட்டியலில் என் கை முதலில் போவது அந்த ஆயில் பிரஷர் மீட்டருக்குத்தான்.

உன் தாத்தா விழுப்புரம் லோகோ ஷெட்டில் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்தவர். உனக்கு அவரைத் தெரியாது. கரி அள்ளிப் போடுகிற கை ஓயலாம், பிரஷர் மீட்டர் மேலிருந்து கண் ஓயக் கூடாது என்பார். பாய்லரில் தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயை அவர் அப்படியே நம்பமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் மறுபடி அதே மட்டத்துக்கு ஏறுகிறதா என்று பார்ப்பாராம். அன்று அவர் பார்த்த பிரஷர் மீட்டருக்குள் இருந்ததும், நீ வாங்கப் போகும் மெக்கானிக்கல் ஆயில் மீட்டருக்குள் இருப்பதும் ஒரே சரக்கு. வில்லாக வளைத்த, தட்டையான பித்தளைக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவைப் பல்சக்கரம் ஊசிக்குக் கொண்டுபோகும். 1849-ல் பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டோன் காப்புரிமை வாங்கியது. கரண்டே இல்லாமல் உண்மை சொல்லும் சாமான் அது.

எஸ்டீமில் ஆயிலுக்குக் கம்பெனி கொடுத்திருப்பது விளக்கு மட்டும்தான். அந்த மாதிரி விளக்கு, பிரஷர் ஐந்து பிஎஸ்ஐ பக்கம் இறங்கினால்தான் எரியும். ஐடிலிங்கில் அது போதும். ஏழாயிரம் ஆர்பிஎம்மில் அது எரிவதற்குள் பேரிங் போய்விடும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. வண்டி கிளம்பும் வேகத்தில் இன்ஜின் அடியில் சம்பில் இருக்கும் ஆயில் பின்பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் வாய் ஒரு கணம் காற்றை இழுக்கும், ஊசி விழுந்து எழும். அதை நீ பார்க்க மாட்டாய், உன் கண் கிளம்பும் விளக்கில் இருக்கும். அதனால் இருபது இருபத்தைந்து பிஎஸ்ஐக்குக் கீழே போனால் விளக்கை எரியவைக்கும் ஸ்விட்ச் ஒன்று போட்டு, அந்தச் சிவப்பு விளக்கைக் கண்ணுக்கு நேரே வை. எரிந்தால் காலை எடுத்துவிட வேண்டும். அந்த ஓட்டம் தோற்றால் தோற்கட்டும். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் எரிந்தால் மீட்டரைக் குறை சொல்லாதே, சம்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வை.

ஒரு விஷயத்தை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு ஆயில் மீட்டர் போட்டேன். இன்ஜினிலிருந்து மீட்டர் வரைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் கொடுத்திருந்தார்கள். இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் ஓட்டை போட்டு அதை உள்ளே விட்டேன். ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போடவில்லை. தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை அறுத்திருக்கிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில் குழாய் விட்டு, கொதிக்கும் ஆயில் ஓட்டியவரின் வலது முழங்காலில் கொட்டியது. வண்டியை ஓரம் கட்டும் அளவுக்கு அவருக்கு நிதானம் இருந்தது. அந்தத் தழும்பு இன்றும் அவர் காலில் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அதனால் மெக்கானிக்கல் மீட்டர் வாங்கினால் கம்பி பின்னிய குழாய்தான் போட வேண்டும். ஓட்டைக்கு ரப்பர் வளையம், இன்ஜின் பக்கம் குழாய் ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வு. இதற்குச் சோம்பல் வரும் என்று தோன்றினால் எலக்ட்ரிக் மீட்டரே வாங்கு.

பெட்ரோல் பிரஷர் விஷயத்தில் பேச்சே இல்லை. பெட்ரோல் குழாய் வண்டிக்குள் வரக் கூடாது. சென்சார் வைத்த எலக்ட்ரிக் மீட்டரை உள்ளே வை, இல்லாவிட்டால் பானெட்டுக்கு வெளியே கண்ணாடி முன்னால் மீட்டரைப் பொருத்து. அமெரிக்காவில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பானெட்டுக்கு உள்ளே பெட்ரோல் ரெயிலில் திருகும் கிளிசரின் மீட்டர் செட் பண்ணும்போது உதவும். இன்ஜின் சூட்டில் கிளிசரின் விரிந்தால் அதன் கணக்கு மாறும் என்பதை மட்டும் மறக்காதே.

தண்ணீர் டெம்பரேச்சருக்கு வருகிறேன். கோட்டில் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஒரே சூட்டில் இருந்தால்தான் டைமிங் ஒரே மாதிரி வரும். உன் எஸ்டீமின் பழைய மீட்டரில் சி என்றும் எச் என்றும் இரண்டு எழுத்துதான் இருக்கிறது. நடுவில் ஊசி நின்றால் 80 டிகிரியா 95 டிகிரியா யாருக்குத் தெரியும்? எண் போட்ட மீட்டர் வேண்டும். சென்சாரை ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் வை. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் ஆவியில் தொங்கும்; அப்போது ஊசி ஏறாது, இறங்கவும் செய்யும். வண்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டி ஹெட்டை வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் ஊசி இறங்கினாலும் நிறுத்து.

வாங்கிய மீட்டரை அப்படியே மாட்டாதே. அடுப்பில் பாத்திரம் வைத்துத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடு. சென்சாரைக் கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. சென்சாரின் உடம்பில் எர்த் ஒயர் கட்டு, பேட்டரி கொடு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊசி 100-ல் நிற்க வேண்டும். 92-ல் நின்றால் எட்டு டிகிரி பொய். அந்த மீட்டரைத் திருப்பிக் கொடு, முடியாவிட்டால் டயலில் 92-க்கு நேரே பெயின்ட்டால் கோடு போடு. பிரஷர் மீட்டரை டயர் கடை கம்ப்ரசரில் பார்க்கலாம். டீ ஜாயின்ட்டின் ஒரு பக்கம் உன்னுடையது, இன்னொரு பக்கம் நம்பிக்கையான ஒன்று. 20, 40, 60 மூன்றிலும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லாத மீட்டரால் வரும் கெடுதல் குறைவு, பொய் சொல்லும் மீட்டரால் இன்ஜினே போகும்.

எலக்ட்ரிக் மீட்டரில் சென்சாரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி சென்சார் 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை போகும், இன்னொன்று 240-லிருந்து 33-க்கு இறங்கும். மாற்றிப் போட்டால் ஊசி தலைகீழாகக்கூட நகரும். சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் மீட்டர் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்து வந்துவிடாதே. சென்சாரின் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறாய், போன தடவை பார்த்தேன். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். எல்லா மீட்டரின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து, அங்கே பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கு. மீட்டர் கெட்டுவிட்டது என்று என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது எர்த்.

ஆர்பிஎம் மீட்டரில் கஞ்சத்தனம் பார்க்காதே. மலிவானதில் ஊசி இன்ஜினுக்குப் பின்னால் ஓடிவரும், இன்ஜின் ஏழாயிரம் தொடும்போது அது ஆறாயிரத்து ஐந்நூறில் இருக்கும். பின்பக்கம் சிலிண்டர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க். தவறி ஆறில் வைத்துவிட்டால் 7,000 ஓடும்போது 4,667 காட்டும். நீ இன்னும் மிதிப்பாய், இன்ஜின் தாங்காது. இரட்டைக் காயில் உள்ள இன்ஜினில் ஒரே காயிலிலிருந்து சிக்னல் எடுத்தால் பாதிதான் காட்டும். வண்டி நிற்கும்போதே ஒரு தடவை வேறு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு. கியர் மாற்றச் சொல்லும் ஷிஃப்ட் விளக்கை நீ நினைக்கும் ஆர்பிஎம்முக்கு இருநூறு முந்நூறு முன்னால் எரியும்படி வை, கண் பார்த்துக் கை நகர நேரம் வேண்டும். முதல் கியரில் இன்னும் முன்னால் வை, அங்கே ஆர்பிஎம் பாய்ந்து ஏறும்.

மற்றவை சுருக்கம்தான். வோல்ட் மீட்டர் வை: ஓடும்போது 13.8-லிருந்து 14.4, பன்னிரண்டுக்குக் கீழே போனால் பெட்ரோல் பம்ப் சுணங்கும், கலவை மெலியும். ஆம்ப் மீட்டர் வேண்டாம், பலவற்றுக்கு வண்டியின் பெரிய கரண்டை டேஷ்போர்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். ஸ்பீடு மீட்டரும் வேண்டாம், வேகத்தை முடிவுக் கோட்டில் இருக்கும் டைமிங் கருவி சொல்லும். டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பூஸ்ட் மீட்டர் எதற்கு? அந்தப் பணத்தை வைத்து, ட்யூனிங் நாளில் காற்று பெட்ரோல் கலவை பார்க்கும் ஒயிட்பேண்ட் மீட்டரை நண்பர்களிடம் கடன் வாங்கியாவது போட்டுப் பார். முழு மிதியில் 12.5 முதல் 13 வரை நின்றால் நல்லது.

மாட்டும்போது மீட்டரின் எழுத்து நேராக நிற்க வேண்டும் என்று பார்க்காதே. சரியான அளவில் ஊசி மேல்நோக்கி நிற்கும்படி மீட்டரைத் திருப்பி வை. ஒரே பார்வையில் எல்லா ஊசியும் பன்னிரண்டு மணியைக் காட்டினால் எல்லாம் சரி, ஒன்று சாய்ந்தால் கண்ணில் குத்தும். டயல் கறுப்பாக இருக்கட்டும், வெள்ளை டயல் பகல் வெயிலில் கண்ணாடியில் அடிக்கும்.

பிராண்ட் கேட்டிருந்தாய். கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கிய பிரைக்கால் கம்பெனியின் மீட்டர்தான் நம் நாட்டில் ஏராளமான வண்டிகளில் இருக்கிறது. ரேஸ் மீட்டருக்கு வெளிநாட்டில் பேர்போனது ஆட்டோ மீட்டர். பேரைவிட, பாத்திரத்துத் தண்ணீரில் தேறியதா என்று பார்.

கடைசியாக ஒன்று. செட்டிங் பார்க்கிறேன் என்று திண்டிவனம் பைபாஸில் ராத்திரி இழுத்துப் பார்க்காதே. ஒலக்கூர் பக்கம் மாடு குறுக்கே வரும், லோடு வண்டி விளக்கில்லாமல் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில், சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறையும் அபராதமும் போகட்டும், எதிரில் வருபவன் என்ன தப்பு செய்தான்? ரேஸுக்கென்று தனி இடம் இருக்கிறது. சென்னைப் பக்கத்தில், போர்க்காலத்து ஓடுபாதையான சோழவரத்தில் ரேஸ் நடந்த நாளில் நான் பொடியன், கூட்டத்தோடு நின்று பார்த்தவன். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டப்பாதையே கட்டிவிட்டது. பைக் டிராக் ரேஸ் தேசியப் போட்டி அங்கே நடந்திருக்கிறது. லைசென்ஸ் எடு, ஹெல்மெட் போடு, அந்த மாதிரி இடத்தில் ஓடு. அதுவரை வண்டியைச் செட்டிங்கோடு நிறுத்தி வை.

ஆயில் பிரஷர், ஆர்பிஎம் இரண்டையும் இந்த மாதம் வாங்கு. தண்ணீர், வோல்ட், பெட்ரோல் மூன்றும் அடுத்த மாதம். வாங்கியதை மாட்டாமல் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி இங்கே வா. பேட்டரியும் பாத்திரமும் எடுத்து வைத்திருக்கிறேன், உன் அத்தை அடுப்பைக் காலி பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாமா