செம்பும் புளியும்

மாணவர்களே! ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்று மூத்தோர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். புளியில் டார்ட்டாரிக் அமிலம் உண்டு. அது செம்பை என்ன செய்கிறது என்பது விளங்க, அமிலங்களோடு உலோகங்கள் வினைபுரியும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

நான்கு சோதனைக் குழாய்களில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, அவற்றில் முறையே மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, செம்பு ஆகியவற்றின் சிறு துண்டுகளை ஆசிரியர் இடுகிறார் எனக் கொள்வோம். மக்னீசியம் பொங்கி நுரைத்து விரைவில் கரைந்துவிடும். துத்தநாகத்திலிருந்து குமிழிகள் இடைவிடாது எழும். இரும்பில் அவை மெல்லத் தோன்றும். செம்போ வாளா கிடக்கும். குமிழிகளாக வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலத்திலிட்டு இவ்வாயுவைப் பெற்ற ஆங்கில அறிஞர் ஹென்றி கேவண்டிஷ், அதன் இயல்புகளை 1766-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அமிலத்திலுள்ள ஹைட்ரஜனை வெளியேற்றி அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் எல்லா உலோகங்களுக்கும் ஒரே அளவில் இல்லை. அவ்வாற்றலின்படி வரிசைப்படுத்தினால், மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவை ஹைட்ரஜனுக்கு மேலே நிற்கும். செம்பு, வெள்ளி, பொன் ஆகியவை கீழே நிற்கும். கீழே நிற்பவை ஹைட்ரஜனை வெளியேற்ற மாட்டா.

அங்ஙனமாயின், புளி செம்பை ஒன்றும் செய்யாதன்றோ என்று நீங்கள் வினவலாம். இங்கேதான் காற்று துணைபுரிகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செம்போடு கூடி, அதன் மேற்பரப்பில் ஆக்ஸைடை உண்டாக்குகிறது. புளியின் அமிலம் இந்த ஆக்ஸைடை எளிதில் கரைத்துவிடும். புளியிட்டுத் துலக்கிய செப்புக்குடம் பளபளப்பது இதனாலேதான். ஆனால், இவ்வாறு கரைந்த செப்பு உப்புக்கள் உணவில் மிகுதியாகக் கலந்தால், வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும்.

ஆதலின், செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசும் வழக்கம் ஏற்பட்டது. வெள்ளீயம் ஹைட்ரஜனுக்குச் சற்றே மேலே நிற்பினும், புளி போன்ற வலுக்குறைந்த அமிலத்தோடு மிக மெதுவாகவே வினைபுரியும். சிறிது கரைந்தாலும் செம்பைப்போல் தீங்கு செய்யாது. காரீயமோ கொடிய நஞ்சு. அது பூச்சில் கலத்தல் ஆகாது.

பூச்சுத் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் வெளிப்படின், மீண்டும் வெள்ளீயம் பூசும் வரையில் அப்பாத்திரத்தில் புளிப்புப் பண்டங்களைச் சமைத்தலும் வைத்தலும் கூடா. இதனை உங்கள் வீட்டாருக்கும் எடுத்துக் கூறுங்கள்.