பத்துமலைக் குகையில் பனியுகத்தின் தடயம்

மாணவர்களே, "பனியுகம்" என்றதும் ஐரோப்பாவின் பனிப்பாறைகளும் அடர்ந்த மயிர் கொண்ட மாமத யானைகளும்தான் உங்கள் நினைவுக்கு வரும். "நம் ஊரில் ஏது சார் பனி?" என்று என் வகுப்பில் யாராவது கேட்காத ஆண்டே இல்லை. கோலாலம்பூரில் பனி பெய்யவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பனியுகம் இந்த மண்ணை மாற்றியது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி மூடியிருந்தது. அந்த நீரெல்லாம் கடலிலிருந்து போனது. கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்தது. கிள்ளானுக்கு எதிரே மலாக்கா நீரிணை அவ்வளவு ஆழமில்லை. எனவே தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாயின. இதைச் சுண்டாலாந்து என்பர். அருகில் கடல் இல்லாததால் காற்றில் ஈரம் குறைந்தது, மழையும் குறைந்தது. அப்போது நமது மழைக்காடு என்ன ஆயிற்று?

விடை தேட, படிவுகளைப் பார்க்க வேண்டும். சாலாக் செலாத்தான் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கப் பகுதி. தோண்டிய குழிகளில் ஆறு கொண்டுவந்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இந்த விதி குகைக்கும் பொருந்தும்.

சாலாக் செலாத்தானில் கம்யூட்டர் ரயில் ஏறினால் பத்துமலையில் இறங்கலாம். தைப்பூசத்தன்று நாம் 272 படி ஏறும் அந்தக் குன்றின் குகைகளில் வௌவால்கள் வாழ்கின்றன. அவற்றின் எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தரையில் குவிந்து வருகிறது. மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது!

கார்பனில் கார்பன்-12, கார்பன்-13 என இரு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. மரங்கள் கார்பன்-13ஐக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். லாலாங் போன்ற வெப்பமண்டலப் புற்கள் சற்று அதிகமாக எடுக்கும். புல்லைத் தின்ற பூச்சியின் உடலில் அந்த விகிதம் பதிகிறது. பூச்சியைத் தின்ற வௌவாலின் எச்சத்திலும் அது தொடர்கிறது. ஆகவே எச்சத்தை அடுக்கடுக்காக அளந்தால், அந்தந்தக் காலத்தில் குகையைச் சுற்றிக் காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று தெரிந்துவிடும். அடுக்கின் வயதைக் கார்பன்-14 சொல்லும்.

கிறிஸ்டோபர் வர்ஸ்டரும் அவருடைய குழுவினரும் பத்துமலையில் இதைச் செய்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சக்காலத்தில் படிந்த எச்சத்தில் புல்லின் அடையாளம் இருந்தது. இன்று அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலையும் இருக்கும் இடத்தில், அன்று மரங்கள் குறைந்த புல்வெளி. சுபாங்கில் கிடைத்த, இதைவிடப் பழைய படிவிலும் பைன் மரம், புல் ஆகியவற்றின் மகரந்தம் இருந்தது.

ஆனால் அவசரப்படக் கூடாது. அதே ஆய்வில் வட போர்னியோவின் குகை எச்சம் அங்கே மழைக்காடு அழியாமல் இருந்ததைக் காட்டியது. வௌவால் ஓர் இரவில் பறந்து திரியும் தூரத்துக்கு மட்டும்தான் ஒரு குகை சாட்சி சொல்லும். சுண்டாலாந்து முழுவதும் எவ்வளவு காடு, எவ்வளவு புல் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு இந்த வாதம்தான் பிடித்த பகுதி.

பிறகு பனி உருகியது, கடல் திரும்பியது. தென்சீனக் கடலின் அடியில் துளையிட்டெடுத்த சேற்றில் சதுப்புநிலத் தாவரங்களின் எச்சங்கள் கிடைத்தன. சதுப்புநிலக் காடு கடலோரத்தில் மட்டுமே வளரும். அதனால் அந்தச் சேறு கிடைத்த ஆழமே பழைய கரை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதன் வயதைக் கணித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சுமார் 14,600 முதல் 14,300 ஆண்டுகளுக்கு முன்வரை, 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் உயர்ந்ததாம். ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வகுத்துப் பாருங்கள். இன்று உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உயர்கிறது.

உங்களுக்கு ஒரு கேள்வி: எச்சக் குவியலில் மேல் அடுக்கைவிடக் கீழ் அடுக்கில் கார்பன்-13 அதிகம் என்றால், இடைப்பட்ட காலத்தில் குகைக்கு வெளியே என்ன நடந்திருக்கும்?