மழைநாளில் மடிப்பு வடிவியல்

நாகலூரில் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. அந்த நேரத்துக்கு ஸ்கேல், காம்பஸ் இரண்டும் இல்லாமலே வடிவியல் சொல்லித்தரலாம். தண்டலம் சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் வெளியிட்ட ஆங்கில நூல் முழுவதும் காகித மடிப்பு வடிவியல்தான். பாலர் பள்ளிக் காகித விளையாட்டிலிருந்து பிறந்த அந்த நூலை ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் எடுத்துச் சொல்ல, 1901-இல் சிகாகோவிலும் பதிப்பித்தார்கள்.

1. நமுத்த தாளில் மடிப்பு நிற்காது. பழைய நோட்டுத் தாள்களை இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். செய்தித்தாள் துவண்டுவிடும், வேண்டாம்.

2. முதலில் கோணல்மாணலாகக் கிழிந்த தாளையே கொடுங்கள். ஒருமுறை மடித்து நகத்தால் நீவினால் நேர்க்கோடு. அந்தக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு மடித்தால், மூலையில் செங்கோணம். அதை ஜன்னல், பீரோ, கதவு என்று ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்க்கட்டும். வாசல்படி கோணல் என்று கண்டுபிடித்துச் சொன்னால் மனதாரப் பாராட்டுங்கள்.

3. செவ்வகத் தாளின் ஒரு மூலையைப் பிடித்து, குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்தின்மேல் படிய மடியுங்கள். மிஞ்சும் பட்டையைக் கிழித்தால் சதுரம். பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

4. எனக்கு மிகவும் பிடித்தது இது. சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளியில் சேர்த்தால் சின்னச் சதுரம் வரும். பெரியதில் இது எத்தனை பங்கு என்று கேளுங்கள். ‘கால்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, உடனே திருத்தாதீர்கள். மடித்த முக்கோணங்கள் இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மூடியிருப்பதைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கும் இரண்டே அடுக்கு. ‘அப்போ பாதி!’ என்று பிள்ளையே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

5. எந்த முக்கோணமானாலும் நீளமான பக்கத்தைக் கீழே வையுங்கள். உச்சியை நேர்கீழாக அந்தப் பக்கத்தின்மேல் மடித்து, மற்ற இரு முனைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கோணங்களும் ஒரே நேர்க்கோட்டில் அமரும். 180 பாகை என்ற எண்ணைப் பள்ளியில் பிறகு கற்றுக்கொள்ளட்டும்.

6. எடுத்துவைத்த பட்டையை நீளவாக்கில் ஒரே அகலத்தில் ஒல்லியாகக் கிழித்து, அதில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கசங்காமல் மெல்ல இறுக்கித் தட்டையாக அழுத்துங்கள். ஒழுங்கான ஐங்கோணம் கிடைக்கும்.

7. கத்தரிக்கோலைக் கடைசியில் எடுங்கள். நாலாக மடித்த தாளின் நடுமூலையை வெட்டுமுன், விரித்தால் ஓட்டை என்ன வடிவில் இருக்கும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள்; பிறகு வெட்டுங்கள்.