கோல் மார்க்கெட் பக்கம் அறை தேடும் பிள்ளைகளுக்கு

எஸ்.எஸ்.சி. எழுதித் தேறி, மத்திய அரசு வேலையில் சேர டெல்லிக்கு ரயிலேறும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் இன்றும் முதலில் அறை தேடுவது கோல் மார்க்கெட் பக்கம்தான். பன்னிரண்டு பக்கம் கொண்ட அந்தச் சந்தைக் கட்டடம் எழுந்தது 1921-ல். இரண்டே ஆண்டில், 1923-ல், இங்கே உத்தியோகத்துக்கு வந்த நம்மவர்கள் தங்கள் குழந்தைகளுக்காகக் கல்விச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பள்ளி ஒன்று மந்திர் மார்க்கில் இப்போதும் நடக்கிறது. அவர்களைப் போலவே உத்தியோகத்துக்கு வந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றவன் என்கிற உரிமையில் சில வார்த்தைகள். ஆபீஸ் வேலை ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைச் சுற்றி இருப்பவற்றைத்தான் முதலில் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

1. முதல் வாரம் காகிதங்களுக்கு. சர்வீஸ் புக்கில் உங்கள் பெயர் எப்படி ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நம் இனிஷியல் இங்கே யாருக்கும் புரியாது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி எழுதிவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, சர்வீஸ் புக்கில் வேறு மாதிரி என்றால் பென்ஷன் வரைக்கும் அந்தத் தொல்லை கூடவே வரும். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தையும் யோசித்து நிரப்புங்கள். எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகையில் ஊருக்குப் போவது அதை வைத்துத்தான்; பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். நாமினி படிவத்தை ‘அப்புறம் தருகிறேன்’ என்று மேஜையில் போட்டு வைக்காதீர்கள்.

2. சி.ஜி.எச்.எஸ். என்னும் மத்திய அரசு மருத்துவத் திட்டத்துக்கான பணம் சம்பளத்தில் தானாகப் பிடித்தமாகும். அட்டை தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அப்பா அம்மா உங்களை நம்பி இருப்பவர்கள், வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்றால் அவர்கள் பெயரையும் அப்போதே சேருங்கள். ஊரில் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது இதன் அருமை தெரியும்.

3. வாடகை மிச்சம் என்று எங்கோ தள்ளிப் போகாதீர்கள். ஆர்.கே. ஆசிரமம் மெட்ரோவில் ஏறினால் அடுத்தது ராஜீவ் சௌக். அங்கே மாறினால் பட்டேல் சௌக், பிறகு சென்ட்ரல் செக்ரடேரியட். கையில் மிஞ்சும் நேரம் தூக்கமாகவும் சமையலாகவும் திரும்பி வரும். கைரேகை வருகைப் பதிவில் தாமதத்துக்கு அரை நாள் கேஷுவல் லீவு போகும். ஆண்டுக்கு மொத்தமே எட்டு நாள்தான். அரசுக் குவார்ட்டர்ஸுக்கும் உடனே மனுப் போடுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, வரிசையில் இருக்க வேண்டும்.

4. கோப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் நோட்டிங்கில் நல்ல ஆங்கிலம் எழுதப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பி.யு.சி.யை, அதாவது இப்போது முடிவு கேட்டு வந்திருக்கும் கடிதத்தை, இரண்டு முறை படியுங்கள். அவர்கள் கேட்பது என்ன, எந்த விதியின்படி, இதே விஷயத்தில் முன்பு என்ன முடிவானது: இந்த மூன்றும் நோட்டில் இருந்தால் போதும். பழைய முடிவைத் தேடத் தலைமுறை தலைமுறையாகப் பச்சை நோட் ஷீட்டைப் புரட்டினோம். இப்போது இ-ஆபீஸ் வந்துவிட்டது, ஆனால் தேட வேண்டியதைத் தேடித்தான் ஆக வேண்டும். காலையில் வந்ததும் இன்று கெடு முடிகிற கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள். பார்லிமென்ட் கேள்வியும் கோர்ட் கேஸும் எதற்கும் காத்திருக்காது. மற்றவை ஒரு நாள் பொறுக்கும், பயப்படாதீர்கள்.

5. உடம்பு. நவம்பரில் புகை, ஜனவரியில் குளிர், மே மாதத்தில் லூ என்னும் அனல் காற்று. முதல் சம்பளத்தில் போன் வாங்குவதற்கு முன் நல்ல ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, வாங்குங்கள். ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு அங்கீட்டி அடுப்பில் கரி மூட்டிவிட்டுத் தூங்கவே கூடாது. குளிர்காலத்தில் அதனால் உயிர்போன செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. சமைக்க முடியாத நாளில் பங்களா சாகிப் குருத்வாரா நடந்து போகிற தூரம்தான். தலையில் துணி கட்டி, வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்கள். முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாத்திரம் தேய்த்துக் கொடுங்கள்.

6. இந்தி. அரசே ஆபீஸ் நேரத்தில் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று வகுப்பு நடத்துகிறது. கூச்சப்படாமல் சேருங்கள். காய்கறிக்காரரிடம் பேசத் தெரிந்துவிட்டாலே பாதி ஏக்கம் குறையும்.

7. ஊர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் முதலில் செக்‌ஷன் ஆபீசரிடம் லீவு பேசி முடித்துவிட்டு, கிளம்பும் தேதியைக் கணக்கிட்டு, நவம்பர் இரண்டாவது வாரத்தில் காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்காருங்கள்.