ஷியோல்: பண்டைய இஸ்ரவேலரின் மறுமைச் சிந்தனை

மனைவி சாராள் மறைந்தபோது ஆபிரகாம் கானான் நாட்டில் சொந்த நிலம் ஏதுமில்லாத அந்நியராக இருந்தார். எபிரோன் ஊரருகே இருந்த மக்பேலா குகையை எப்பெரோன் என்பவரிடமிருந்து 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, அங்கே அவரை அடக்கம் செய்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. பின்னர் அவரும் அதே குகையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது மரணத்தைக் கூறுமிடத்தில் அந்நூல், அவர் தம் மக்களோடு சேர்க்கப்பட்டார் என்று மட்டுமே சொல்கிறது. சுவர்க்கம், நரகம் என்ற பேச்சே அங்கு இல்லை. இறைவனின் நண்பர் என்று போற்றப்பட்ட ஒருவருக்கு மறுமையில் கிடைத்த பரிசு யாது? எபிரேய வேதத்தின் பெரும்பகுதி இக்கேள்விக்கு மௌனத்தையே விடையாகத் தருகிறது. அந்த மௌனத்தின் பொருளை அறிவது பயனுள்ளது.

மண்ணும் மூச்சும்

பண்டைய இஸ்ரவேலரின் நோக்கில் மனிதன் என்பவன், இறைவனின் மூச்சைப் பெற்ற மண். ஆத்துமா என்று பிற்காலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ‘நெபெஷ்’ என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிர் என்பனவே பழைய பொருள்கள். பழைய ஆடையைக் களைவதுபோல் உடலைக் களைந்துவிட்டுச் செல்லும் அழிவற்ற ஆன்மா என்ற கருத்து அவர்களிடம் இல்லை. மூச்சு, தந்தவனிடமே திரும்புகிறது; உடல் மண்ணுக்குத் திரும்புகிறது; எஞ்சுவது ஒரு நிழல் மட்டுமே.

நிழல்களின் உறைவிடம்

அந்த நிழல் சென்று தங்குமிடம் ‘ஷியோல்’. எபிரேய வேதத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இச்சொல்லைத் தமிழ் விவிலியம் பெரும்பாலும் ‘பாதாளம்’ என்று மொழிபெயர்க்கிறது. அது பூமியின் ஆழத்தில் உள்ள இருளும் மௌனமும் நிறைந்த இடம். அங்கே தண்டனையும் இல்லை, இன்பமும் இல்லை. நல்லவரும் தீயவரும், அரசரும் அடிமையும் சமமாக அங்கே இறங்குகின்றனர். மகன் யோசேப்பு இறந்துவிட்டதாக நம்பிய யாக்கோபு, துயரத்தோடே தாமும் அவனிடம் ஷியோலுக்கு இறங்கப்போவதாகப் புலம்பினார். ஏனோக்கும் எலியாவும் மட்டுமே இறைவனால் எடுத்துக்கொள்ளப்பட்ட விதிவிலக்குகள்.

நோயுற்று மரணத்தின் வாயிலில் கிடந்த எசேக்கியா மன்னர், சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது வேண்டினார். பதினைந்து ஆண்டுகள் ஆயுள் நீட்டிக்கப்பட்டபின் அவர் பாடியதாக உள்ள பாடலின் கருத்து சிந்திக்கத்தக்கது: ஷியோலில் உள்ளவர் இறைவனைத் துதிக்க இயலாது, உயிரோடிருப்பவனே துதிக்க முடியும். வாழ்நாளின் ஒவ்வொரு நாளையும் அவர்கள் எவ்வளவு அரியதாகக் கருதினர் என்பதற்கு இதுவே சான்று.

கல்லறைகளின் சாட்சியம்

யூதா நாட்டில் பாறையைக் குடைந்து அமைத்த குடும்பக் கல்லறைகள் பல கண்டறியப்பட்டுள்ளன. உள்ளே கல் திண்ணைகளில் உடலைக் கிடத்துவர். தசை அழிந்தபின் எலும்புகளைத் திரட்டி, முன்னோரின் எலும்புகள் உள்ள குழியில் சேர்ப்பர். முன்னோரோடு சேர்க்கப்படுதல் என்ற மரபுத்தொடரை இவ்வழக்கம் நம் கண்முன் நிறுத்துகிறது. எருசலேமில் ‘கேத்தெஃப் ஹின்னோம்’ என்னுமிடத்தில் 1979-ஆம் ஆண்டு தோண்டப்பட்ட அத்தகைய கல்லறை ஒன்றில், இறைவனின் ஆசியைக் கூறும் வாசகங்கள் பொறித்த இரு சிறிய வெள்ளித் தகட்டுச் சுருள்கள் கிடைத்தன. அவை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

கல்லறைகளில் விளக்குகளும் மண்பாண்டங்களும் கிடைக்கின்றன. இறந்தோருக்கு உணவு படைப்பதும், அவர்களிடம் குறி கேட்பதும் மக்களிடையே இருந்தன. குறி கேட்பதை உபாகமம் கண்டிப்பாகத் தடை செய்தது. காணிக்கைக்கு உரிய பங்கை இறந்தோருக்குப் படைக்கவும் அது இடந்தரவில்லை. சவுல் மன்னரே இரவில் வேடம் மாற்றிக்கொண்டு, எந்தோர் ஊரில் இருந்த ஒரு பெண்ணைக் கொண்டு மறைந்த சாமுவேலை எழுப்பச் செய்தார். எழுந்து வந்த சாமுவேலோ, தன் அமைதியைக் குலைத்தது ஏன் என்று கடிந்துகொண்டார். வழிகாட்டுதலை இறைவனிடமே தேட வேண்டும்; இறந்தோரிடம் தேடலாகாது என்பதே இத்தடையின் உட்கருத்து.

நீதியின் கேள்வி

மறுமையில் பலன் இல்லையெனில் அறத்திற்குப் பலன் எங்கே? நீண்ட ஆயுளிலும், மக்கட்பேற்றிலும், நாட்டின் நலத்திலும் என்று முன்னோர் நம்பினர். குற்றமற்ற யோபுவின் துயரம் அந்த நம்பிக்கையை உலுக்கியது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். சிறைப்பட்டுச் சென்ற மக்களிடையே எசேக்கியேல் தீர்க்கதரிசி, உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றெழும் காட்சியைக் கண்டார். அது மடிந்துபோன ஒரு சமுதாயம் மீண்டும் எழும் என்பதற்கான உருவகம்.

கி.மு. 167-இல் நிலைமை மேலும் கடுமையாயிற்று. நான்காம் அந்தியோகஸ் மன்னன் யூத நெறியைப் பின்பற்றுவதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினான். நெறி தவறியவர் பிழைத்தனர். நெறி நின்றவர் அதன் காரணமாகவே கொல்லப்பட்டனர். இறைவன் நீதியுள்ளவனாயின் இவர்களின் கதை கல்லறையோடு முடியலாமா? அக்காலத்தில் உருப்பெற்றதாக அறிஞர் பலர் கருதும் தானியேல் நூலின் இறுதி அதிகாரத்தில், மண்ணில் உறங்குவோருள் பலர் விழித்தெழுவர், சிலர் நித்திய வாழ்வுக்கும் சிலர் நித்திய இகழ்ச்சிக்கும் எழுவர் என்ற கருத்து தெளிவாக வெளிப்படுகிறது. பாரசீகச் சிந்தனையின் தொடர்பும் இதற்குத் துணைசெய்திருக்கலாம் என்பர் சிலர். எனினும் இந்நம்பிக்கைக்கு உயிரூட்டியது, அநீதியாகக் கொல்லப்பட்டோரை மறக்க மறுத்த நெஞ்சங்களின் குரலே.

பின்னர் சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தனர், பரிசேயர் ஏற்றனர். கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் பரிசேயரின் வழிவந்த மரபே நிலைபெற்றது. இறந்தோரை எழுப்பும் இறைவனைப் போற்றுதல் யூதரின் அன்றாட வழிபாட்டில் இடம்பெற்றது.

ஆயினும் இவ்வரலாற்றில் நினைவில் நிறுத்தவேண்டியது ஒன்றுண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸும் ஏசாயாவும் ஏழைக்கும் விதவைக்கும் அநாதைக்கும் நீதி செய்யுமாறு முழங்கியபோது, அதற்கு ஈடாகச் சுவர்க்கத்தை வாக்களிக்கவில்லை. மறுமைப் பலனை எதிர்பாராமலே அறம் அறமாகப் போற்றப்பட்டது. இன்றும் யூதர் தம் பெற்றோர் மறைந்தபின் ஓதும் ‘காதிஷ்’ என்னும் பிரார்த்தனையில் மரணம் என்ற சொல்லே வருவதில்லை. துயரத்தின் நடுவே நின்று இறைவனின் பெருமையை மட்டுமே அது பாடுகிறது. துதிக்க வல்லவன் உயிரோடிருப்பவனே என்ற எசேக்கியாவின் உணர்வு அதில் இன்னும் ஒலிக்கிறது.