கண்ணுக்குள் ஒரு காவல்: தங்கச்சிகளுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சிகளே, நம்ம மயிலத்தில் சைவச் சமையல் மட்டுமே நடக்கிற வீட்டுத் திண்ணையிலும் ஒரு பூனை சுருண்டு கிடக்கும். வீட்டில் அதற்குத் தயிர்சாதம்தான். எலியும் ஓணானும் வெளியே பிடித்துத் தின்கிறதே, அதுதான் அதன் கண்ணைக் காப்பாற்றுகிறது. 1975ல் அமெரிக்க ஆய்வாளர்கள், பாலில் உள்ள கேசீனை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளைச் சோதித்தார்கள். விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் சிதைந்திருந்தன. அந்தத் தீனியில் இல்லாத சத்து, டாரின் என்ற அமினோ அமிலம்.

1827ல் மாட்டுப் பித்தநீரில் முதலில் கிடைத்ததால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் விழித்திரையிலும் டாரின் ஏராளமாக இருக்கிறது. கடும் வெளிச்சம் படும்போது அங்குள்ள செல்களின் சவ்வு ஆக்சிஜனால் அரிக்கப்படுகிறது. டாரின் அந்தச் சவ்வு குலையாமல் பார்த்துக்கொள்கிறது. செல்லுக்குள் கால்சியம் மிஞ்சாமலும் தடுக்கிறது. டாரின் குறைந்த எலிகளின் விழித்திரையை வெளிச்சம் அதிகமாகச் சேதப்படுத்தியதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பூனையால் தனக்கு வேண்டிய அளவு டாரினைத் தயாரித்துக்கொள்ள முடியாது. நம் உடம்பு ஓரளவு தயாரித்துக்கொள்ளும். கண்ணைக் காக்க நாம் செய்யவேண்டியது இவ்வளவுதான்.

1. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: மரக்காணம் பக்கமிருந்து வரும் மட்டி, நண்டு, இறால், கடம்பா எல்லாவற்றிலும் டாரின் உண்டு. விலை உயர்ந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. டாரின் தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

2. சைவக்காரர்களுக்கும், முருகனுக்கு விரதம் இருப்பவர்களுக்கும்: செடிகொடிகளில் டாரின் அநேகமாக இல்லை. ஆனால் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே அதைச் செய்யும். அந்த வேலைக்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். எள்ளில் மெத்தியோனின் நிறைய. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் பேர்போனவை, எள் நம்ம ஊர்ச் சொத்து. எள்ளுருண்டை, எள்ளுப்பொடி, தயிர், பருப்பு, கொண்டைக்கடலை, வாழைப்பழம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

3. கைக்குழந்தைக்கு: தாய்ப்பாலில் டாரின் நன்றாகவே இருக்கிறது, பசும்பாலில் மிகக் குறைவு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்.

4. எனர்ஜி டிரிங்க் வேண்டாம்: டப்பாவில் டாரின் என்று போட்டிருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். கூடவே காஃபீனும் சர்க்கரையும் உள்ளே போகும். டாரின் மாத்திரை மனிதர்களின் பார்வையைக் காப்பதாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை. விளம்பரத்தை நம்பிக் காசை இறைக்காதீர்கள்.

5. வலிப்புக்கு விகாபாட்ரின் சாப்பிடுகிறவர்களுக்கு: இந்த மருந்து விழித்திரையைப் பாதிக்கலாம். டாரின் குறைவதும் ஒரு காரணம் என்று விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

6. வெயிலுக்குக் குடை, தொப்பி, கண்ணாடி: பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையேறும்போதும், மரக்காணம் உப்பளத்தில் வேலைக்குப் போகும்போதும் இவை கட்டாயம். வெள்ளை உப்பில் பட்ட வெயில் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். கண்ணாடியில் ‘யுவி 400’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால் கண்மணி விரிந்து, புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். குழந்தையின் கண் லென்ஸ் இன்னும் தெளிவானது. அதனால் குழந்தைக்கும் தொப்பி போடுங்கள்.

7. வெல்டிங் பட்டறை: வீட்டு ஆண்கள் அந்த வேலை செய்தால் முகக்கவசம் இல்லாமல் பற்றவைக்க விடாதீர்கள். பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது.

8. சூரியனை நேரே பார்க்காதீர்கள்: சூரிய நமஸ்காரத்தைக் கண்ணை மூடியே செய்யலாம். 2019 டிசம்பர் 26 கிரகணம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் அடுத்த கங்கண சூரிய கிரகணம் 2031 மே 21ல் தெரியும். எக்ஸ்ரே ஃபிலிம், தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர் இரண்டுமே பாதுகாப்பு இல்லை. அதற்கென்று செய்த தரமான கிரகணக் கண்ணாடிதான் வேண்டும்.

பார்வையின் நடுவில் கரும்புள்ளி தெரிந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அன்றைக்கே கிளம்புங்கள்.

விழித்திரைக்கு வலி தெரியாது. வெளிச்சம் அதைச் சுட்டாலும் அது நம்மிடம் முறையிடாது. அதனால் ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு மட்டும் கண் விஷயத்தில் வேண்டாம், தங்கச்சிகளே.