கடைவீதி எங்கே?



நேற்றிருந்த வேலை இன்று இல்லை. பழகிய தொழிலை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. நாளை என்னவாகுமோ என்று கலங்குகிறீர்களா?

கி.பி. 622இல் நடந்த ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவை விட்டு மதீனா வந்தபோது, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். கைனுகா சந்தையில் நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றார்கள். விரைவிலேயே, பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்து மணமும் முடித்தார்கள்.

எனவே, தொழில் போனால் புதியதைக் கற்க வெட்கப்படாதீர்கள். சிறிதாகத் தொடங்கத் தயங்காதீர்கள். வசதியுள்ளவர்களே, ஸஅதைப் போல் நீங்களே முன்வந்து கேளுங்கள். முயற்சி நம்முடையது; ரிஸ்க் அல்லாஹ்விடம் உள்ளது.